உதவித்தொகையோடு உயிரிமருத்துவத்தில் பிஎச்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய் எப்படி வருகிறது, உடல் எப்படி இயங்குகிறது என்பதை செல், மரபணு, புரதம், விலங்கு மாதிரி, நோயாளியின் திசு, கணினித் தரவு என்று ஏதோ ஒரு வழியில் ஆராய்வதுதான் உயிரிமருத்துவ ஆய்வு. புற்றுநோய், நரம்பியல், நோயெதிர்ப்பு, தொற்றுநோய் எல்லாம் இதற்குள் வரும். இதில் பிஎச்டி சேர நினைப்பவர்கள் பெரும்பாலும் "இடம் எப்படிக் கிடைக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: உங்களுக்குத் தரப்போகும் பணம் யாருடையது, எத்தனை வருடத்துக்கு? அதற்குக் கூடுதல் இடம் கொடுத்து எழுதியிருக்கிறேன்.

சொந்தக் காசு போட்டு பிஎச்டி செய்யலாமா?

இந்தத் துறையில் வேண்டாம். கல்விக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. ஆன்டிபாடி, செல் வளர்க்கும் ஊடகம், சீக்வென்சிங், எலிகளைப் பராமரிக்கும் கட்டணம் என்று ஒவ்வொரு மாணவரின் ஆய்வுக்கும் லேப் தொடர்ந்து செலவழித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாணவருக்கு ஸ்டைபண்ட் தர வழியில்லாத லேபில் பெரும்பாலும் சோதனைக்கும் பணம் இருக்காது. "முதல் வருடம் நீங்களே சமாளித்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஏதாவது பார்க்கலாம்" என்று சொல்லும் கைடு நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அந்த "ஏதாவது" வராமலே போய்விடலாம். வருடக்கணக்கில் நீங்கள் செய்யப்போவது அந்த லேபின் வேலை. அதற்குப் பணம் வாங்கக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

முழு உதவித்தொகை என்றால் அதில் என்னென்ன அடங்கும்?

கல்விக் கட்டணம், மாதாமாதம் கையில் வரும் ஸ்டைபண்ட், மருத்துவக் காப்பீடு. இந்த மூன்றும் இருந்தால்தான் அது முழு உதவித்தொகை. ஆய்வுச் செலவும் மாநாட்டுப் பயணச் செலவும் சேர்ந்திருந்தால் நல்லது.

சேர்க்கைக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். தொகை வருடத்துக்கு 12 மாதத்துக்கா, 9 மாதத்துக்கா? 9 என்றால் விடுமுறை மாதங்களில் யார் தருவார்கள்? கட்டணத் தள்ளுபடிக்கு வெளியே ஏதாவது கட்டணம் தனியாக இருக்கிறதா? வரி பிடிப்பார்களா? வகுப்பெடுக்க வேண்டுமா, எத்தனை பருவம்? "திருப்திகரமான முன்னேற்றம் இருந்தால்" என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கும், அதற்காகப் பதற வேண்டாம். "நிதி கிடைப்பதைப் பொறுத்து" என்ற வரிதான் கவனிக்க வேண்டியது. அது இருந்தால், "உங்கள் துறையில் இதற்கு முன் யாருக்காவது பாதியில் நிதி நின்றிருக்கிறதா? அப்போது துறை என்ன செய்தது?" என்று எழுத்தில் கேளுங்கள். நல்ல துறை நேராகப் பதில் சொல்லும்.

பிரிட்டனுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். அங்கே உள்நாட்டு மாணவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டு மாணவருக்கு அதைவிட மிக அதிகமான கட்டணம். உதவித்தொகை உள்நாட்டுக் கட்டணத்தை மட்டும் ஈடுகட்டினால் மீதி உங்கள் தலையில் விழும். அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான யுகேஆர்ஐ, 2021 முதல் தன் உதவித்தொகை இடங்களில் 30 சதவீதம் வரை வெளிநாட்டு மாணவர்களுக்குத் தர அனுமதிக்கிறது. கட்டண வித்தியாசத்தைப் பல பல்கலைக்கழகங்களே ஏற்றுக்கொள்கின்றன. விண்ணப்பிக்கும் முன் அதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பணம் யாருடையது என்று ஏன் கேட்க வேண்டும்? யார் கொடுத்தால் என்ன?

உங்கள் சுதந்திரமும் பாதுகாப்பும் அதைப் பொறுத்தவை. பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றில்தான் பணம் வரும்.

ஒன்று, கைடு தன் ஆய்வுக்காக வாங்கியிருக்கும் நிதியான கிராண்ட். அமெரிக்காவில் அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் தரும் ஆர்01 என்ற கிராண்ட்தான் பல லேப்களின் உயிர்நாடி. அதிகபட்சம் 5 வருடத்துக்குத் தருவார்கள், அதற்குப் பிறகு புதுப்பிக்க மறுபடி போட்டி போட வேண்டும். அது மூன்றாவது வருடத்தில் ஓடும்போது நீங்கள் லேபில் சேர்ந்தால், உங்கள் பிஎச்டியின் நடுவிலேயே அது முடிந்துவிடும். புதுப்பிக்கப்படலாம், கைடிடம் வேறு கிராண்டும் இருக்கலாம். இருந்தாலும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. இன்னொன்று, கிராண்டில் எழுதியிருக்கும் தலைப்பை ஒட்டித்தான் உங்கள் ஆய்வும் போகும். உங்களுக்குத் தோன்றும் புது யோசனைக்கு அதில் இடம் குறைவு.

இரண்டு, பல்கலைக்கழகமோ பயிற்சித் திட்டமோ தரும் பணம். அமெரிக்காவில் பல உயிரிமருத்துவத் துறைகள் முதல் வருடத்துக்குத் தாங்களே தந்துவிட்டு, அதன் பின் கைடின் கிராண்டுக்கு மாற்றிவிடுகின்றன. டி32 என்ற என்ஐஎச் பயிற்சி நிதியும் உண்டு, ஆனால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான். வெளிநாட்டு மாணவரைச் சேர்த்தால் அவருக்கான பணத்தைத் துறை வேறு எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். அதனால்தான் சில இடங்களில் வெளிநாட்டவருக்கு மிகச் சில இடங்களே இருக்கின்றன. உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், உங்கள் தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

மூன்று, உங்கள் பெயரிலேயே கிடைக்கும் ஃபெலோஷிப். இருப்பதிலேயே இதுதான் சிறந்தது என்பேன். பணம் உங்களோடு வருகிறது என்றால், கைடோடு ஒத்துவராதபோது லேப் மாறுவது கொஞ்சம் சுலபம். எல்லா ஃபெலோஷிப்பும் மாற அனுமதிப்பதில்லை, விதியைப் படித்துப் பாருங்கள்.

நான்கு, வேலை ஒப்பந்தம். ஜெர்மனி, சுவீடன் போன்ற நாடுகளில் பிஎச்டி மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். ஜெர்மனியின் உயிரியல் துறைகளில் முழுச் சம்பளத்தில் 65 சதவீதம் என்று ஒப்பந்தம் போடுவது வழக்கம். விடுப்பு, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் அதில் சேரும். ஒப்பந்தம் 3 வருடத்துக்கு, ஆய்வு 4 வருடத்துக்கு என்று ஆனால் அந்தக் கடைசி வருடத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

கைடிடம் இதை எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். "நான் உங்கள் லேபில் சேர்ந்தால் என் ஸ்டைபண்ட் எந்த நிதியிலிருந்து வரும், அது எந்த வருடம் வரை இருக்கும்?" என்று கேட்டால் போதும். கேட்டதற்காக உங்களைத் தவறாக நினைக்கும் கைடிடம் சேராமல் இருப்பதே மேல்.

எந்த நாட்டில் எப்படி?

அமெரிக்காவில் நீங்கள் சேர்வது துறையில், கைடிடம் இல்லை. முதல் வருடம் வகுப்புகளும், இரண்டு மூன்று லேப்களில் சில வாரங்கள் வேலை செய்து பார்க்கும் ரொட்டேஷனும் இருக்கும். அதன் பிறகுதான் கைடு. மொத்தம் 5, 6 வருடம் ஆகும். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் வரும்.

ஐரோப்பாவில் பல இடங்களில் பிஎச்டி இடத்தை வேலைவாய்ப்பு போலவே விளம்பரம் செய்வார்கள். தலைப்பு, கைடு, கால அளவு எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். 3, 4 வருடத்தில் முடிக்க வேண்டும். சுவீடனில் முழுநேர ஆய்வுக்கு 4 வருடம், வகுப்பெடுப்பது போன்ற துறை வேலையும் செய்தால் 5 வருடம் வரை நீளும். பிரிட்டனில் இரண்டு வகையும் உண்டு. அங்கே சில 4 வருடத் திட்டங்களில் முதல் வருடம் ரொட்டேஷனுக்கு.

ஒரே விண்ணப்பத்தில் பல கைடுகளுக்குப் போட்டியிடும் திட்டங்களையும் தவறவிடாதீர்கள். இஎம்பிஎல் என்ற ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்கு ஹைடல்பெர்க், ஹாம்பர்க், கிரெனோபிள், ரோம், பார்சிலோனா, கேம்பிரிட்ஜுக்கு அருகில் ஹின்க்ஸ்டன் என ஆறு இடங்களில் மையம் உண்டு. பட்டத்தைக் கூட்டுப் பல்கலைக்கழகம் தரும். ஜெர்மனியில் மேக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகள், லண்டனில் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனம், வியன்னா பயோசென்டர், ஜப்பானில் ஒகினாவாவின் ஓஐஎஸ்டி பல்கலைக்கழகம் எல்லாமே உலகம் முழுவதிலிருந்தும் மாணவர்களை எடுக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா கியூரி திட்ட இடங்களுக்குப் படிப்போடு இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. வேலைக்கு எடுக்கும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் அந்த நாட்டில் இருந்திருக்கக் கூடாது. அண்மையில் ஜெர்மனியில் எம்.எஸ்சி. படித்து முடித்தவருக்கு ஜெர்மனியில் உள்ள இடம் கிடைக்காது, பக்கத்து நாட்டு இடம் கிடைக்கலாம்.

எம்.எஸ்சி. கட்டாயமா?

அமெரிக்காவில் இல்லை, இளங்கலையோடு நேராகச் சேரலாம். ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகள் முதுநிலைப் பட்டம் கேட்கின்றன. பிரிட்டனில் நல்ல இளங்கலையும் ஆய்வு அனுபவமும் இருந்தால் சில திட்டங்களில் இடம் உண்டு.

ஜிஆர்இ தேர்வு எழுத வேண்டுமா?

அமெரிக்க உயிரியல், உயிரிமருத்துவத் துறைகளில் மிகப் பல அதைக் கைவிட்டுவிட்டன. நீங்கள் போக நினைக்கும் துறையின் பக்கத்தில் பாருங்கள். கேட்காத இடங்களுக்கு மட்டுமே விண்ணப்பிப்பதாக இருந்தால் அந்த நேரத்தை லேபில் செலவழியுங்கள்.

எனக்குப் பேப்பர் எதுவும் வெளிவரவில்லை. இடம் கிடைக்குமா?

கிடைக்கும். உங்கள் பெயர் பேப்பரில் வருவது பல நேரம் உங்கள் கையில் இல்லை. எந்த லேபில், எந்தச் சமயத்தில் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. செய்த வேலையைப் புரிந்து செய்தீர்களா என்றுதான் தேர்வுக்குழு பார்க்கும். பேப்பரில் ஐந்தாவது பெயராக இருந்தும் அந்தச் சோதனை எதற்கு என்று சொல்லத் தெரியாதவரைவிட, வெளிவராத ஒரு சிறு ஆய்வைக் கேள்வி, முறை, முடிவு, சந்தேகம் என்று தெளிவாகப் பேசுபவருக்கே மதிப்பு அதிகம். வேலை முடிந்து பேப்பர் இன்னும் பரிசீலனையில் இருந்தால், பயோஆர்க்கைவ் போன்ற இணையதளத்தில் முன்பிரதியாக, அதாவது ஜர்னலில் வருவதற்கு முன்பே எல்லோரும் படிக்கும்படி, போடக் கைடு சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். அதை விண்ணப்பத்தில் காட்டலாம்.

நான் படித்தது இயற்பியல் அல்லது இன்ஜினியரிங். என்னை எடுப்பார்களா?

எடுப்பார்கள், தேடவும் செய்கிறார்கள். நுண்ணோக்கி, இமேஜ் அலசல், மரபணுத் தரவு, புரத அமைப்பு என்று கணக்கும் புரோகிராமிங்கும் தெரிந்தவருக்கு வேலை இல்லாத லேப் இன்று குறைவு. வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் பிஎச்டி முடித்தவர். அதன் பிறகு சான் டியேகோவில் மறுபடி மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் வேதியியல் நோபல் பகிர்ந்துகொண்டார். உங்களுக்கு அவ்வளவு நீண்ட சுற்று தேவைப்படாது. ஆனால் செல் உயிரியலின் அடிப்படையையாவது படித்துவிட்டு, கொஞ்ச காலம் ஒரு லேபில் கையால் வேலை செய்த பிறகு விண்ணப்பியுங்கள். இந்த வாழ்க்கை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

கைடுக்கு மின்னஞ்சல் எழுதினால் பதிலே வருவதில்லை. என்ன தவறு?

"மதிப்பிற்குரிய பேராசிரியரே, உங்கள் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது" என்று தொடங்கும் கடிதம் நூறு பேருக்கு ஒரே நாளில் போயிருக்கும் என்று பார்த்தவுடனே தெரியும். அவருடைய அண்மைப் பேப்பர் ஒன்றை எடுத்து உட்கார்ந்து படியுங்கள். உதாரணத்துக்கு, ஒரு மரபணுவை நீக்கிய மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்களில் ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம் குறைந்தது, டிஎன்எஃப் என்ற இன்னொன்று குறையவில்லை என்று ஒரு படத்தில் காட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "இரண்டும் ஒரே சிக்னல் பாதையில் வருபவை என்று படித்திருக்கிறேன். ஒன்று மட்டும் குறைவது ஆர்என்ஏ எவ்வளவு நேரம் நிலைத்திருக்கிறது என்பதாலா?" என்று இரண்டு வரியில் கேளுங்கள். கேள்வி சாதாரணமானதாக இருந்தாலும் பரவாயில்லை, படித்திருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். அடுத்து நீங்கள் யார், இதுவரை லேபில் என்ன செய்தீர்கள் என்று மூன்று வரி. கடைசியாக, எந்த வருடம் சேர நினைக்கிறீர்கள், மாணவர் எடுக்கிறாரா என்ற கேள்வி. திரையில் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

முதல் வருடம் ரொட்டேஷன் உள்ள துறைகளுக்கு இப்படி எழுதுவது அவசியம் இல்லை. அங்கே முடிவெடுப்பது குழு.

சிபாரிசுக் கடிதம் யாரிடம் வாங்குவது?

உங்களை லேபில் பக்கத்தில் இருந்து பார்த்தவரிடம். பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் நான்கு பொதுவான வரிகளால் பயன் குறைவு. "ஆறு வாரம் வராத பிசிஆரை விடாமல் பார்த்து, பிரைமரில்தான் தவறு என்று இவரே கண்டுபிடித்தார்" என்று ஓர் இளம் ஆய்வாளர் எழுதும் வரி நிற்கும். "எனக்கு வலுவான கடிதம் எழுத முடியுமா?" என்றே கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போங்கள்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

நீங்கள் செய்த ஆய்வைப் பற்றித்தான் பெரும்பாலும். "உங்கள் கன்ட்ரோல் என்ன?", "எத்தனை முறை திரும்பச் செய்தீர்கள்?", "முடிவு நேர்மாறாக வந்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?" இந்த மூன்றுக்கும் தயாராகப் போங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று யோசித்துப் பேசுபவரை எல்லோருக்கும் பிடிக்கும்.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெயர், ஜர்னல், நிறுவனம் மூன்றையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு லேபில் இருப்பவர்களிடம் பேசுங்கள், கைடு பக்கத்தில் இல்லாதபோது. "அவர் எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். அதனால் பதில் குறிப்பாக வரும்படி கேளுங்கள். கடைசியாக அவரை எப்போது தனியாகச் சந்தித்துப் பேசினீர்கள்? எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் திருப்பித் தந்தார்? இங்கே முடித்தவர்களுக்கு எத்தனை வருடம் ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்கள்? யாராவது பாதியில் போனார்களா? முடிந்தால், அப்படிப் போனவரிடமும் பேசுங்கள்.

அப்புறம், லேப் மீட்டிங் ஒன்றில் போய் உட்காருங்கள். ஒரு மாணவர் வெஸ்டர்ன் ப்ளாட் (மாதிரியில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பட்டைகளாகக் காட்டும் சோதனை) படம் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எதிர்பார்த்தபடி புரதம் குறைந்திருக்கிறது. ஆனால் கீழே, எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் இருக்க வேண்டிய பீட்டா ஆக்டின் புரதத்தின் பட்டையும் அதே லேனில் மங்கலாக இருக்கிறது. அதாவது அந்த லேனில் மொத்த மாதிரியே குறைவாகப் போயிருக்கலாம். யாராவது அதைச் சுட்டிக்காட்டுகிறார்களா? முதல் வருட மாணவருக்குச் சுட்டிக்காட்டும் தைரியம் இருக்கிறதா? கைடு "சரி, அளந்து போட்டு மறுபடி ஓட்டலாம்" என்கிறாரா, எல்லோர் முன்னாலும் திட்டுகிறாரா, கண்டுகொள்ளாமல் "நன்றாக இருக்கிறது, படத்தில் போடு" என்கிறாரா? மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசம். திட்டும் லேபில் மனம் நோகும். கண்டுகொள்ளாத லேபில் உங்கள் பெயரில் தவறான முடிவு வெளியாகும்.

புது லேபா, பழைய லேபா என்றும் கேட்பார்கள். புதிதாகத் தொடங்கிய கைடு உங்களோடு மேசையில் நின்று கற்றுத்தருவார், ஆனால் அவருடைய வேலையே நிரந்தரமாகாமல் இருக்கலாம். மூத்தவரிடம் பணமும் தொடர்பும் இருக்கும், நேரம் இருக்காது. அங்கே உங்களுக்குத் தினமும் கற்றுத்தரப்போவது ஒரு போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடித்துவிட்டு அந்த லேபில் ஆய்வு செய்பவர். அவர் யார் என்று பாருங்கள்.

சோதனைகள் தோற்றுக்கொண்டே இருந்தால்?

தோற்கும். செல்லில் மைகோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்றும், ஆன்டிபாடி வேறு புரதத்தில் ஒட்டும், எலிகள் குட்டி போடாது. ஆய்வு அப்படித்தான் நகரும். ஆனால் அதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. பல நாட்டுப் பட்ட மேற்படிப்பு மாணவர்களிடம் எடுத்து 2018இல் வெளியான ஒரு கருத்தாய்வில், மனச்சோர்வும் பதற்றமும் பொது மக்களைவிட அவர்களிடம் ஆறு மடங்குக்கும் மேல் இருப்பதாகத் தெரிந்தது. தாங்களாக முன்வந்து பதிலளித்தவர்களின் கணக்கு என்பதால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கைடோடு நல்ல உறவு இல்லாதவர்களிடம் பாதிப்பு அதிகம் என்று அதே ஆய்வு காட்டியதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். தூக்கம் கெட்டு, லேபுக்குப் போகவே பிடிக்காமல் வாரக்கணக்கில் இருந்தால் பல்கலைக்கழக மனநல ஆலோசகரைப் பாருங்கள். காப்பீட்டில் அது அடங்குமா என்று சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் விட்டுவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

பொதுவாக வேண்டியதில்லை. ஆனால் அரசுகள் தங்கள் குடிமக்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் சில உதவித்தொகைகளில், முடித்துத் திரும்பி வந்து வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் தொகையைக் கட்ட வேண்டும் என்ற பத்திரம் உண்டு. கையெழுத்துப் போடும் முன் அதைப் படியுங்கள். அமெரிக்காவில் பல துறைகள் விலகுபவருக்கு, தேவையான பாடங்களை முடித்திருந்தால் முதுநிலைப் பட்டம் தருகின்றன.

சேர்த்துவிடுகிறோம் என்று பணம் கேட்கிறார்கள். நம்பலாமா?

நம்ப வேண்டாம். உதவித்தொகையை "உறுதிப்படுத்த" எந்த நல்ல நிறுவனமும் முன்பணம் வாங்காது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் உண்டு. அதைக்கூடத் துறைக்கு எழுதிக் கேட்டால் பல இடங்களில் தள்ளுபடி செய்கிறார்கள். கூச்சத்தால் கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

இரண்டு இடத்தில் கிடைத்துவிட்டது. எவ்வளவு நாளில் பதில் சொல்ல வேண்டும்?

அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தர ஒப்புக்கொண்டிருக்கின்றன. நிதியுதவியோடு வந்த இடத்துக்கு அதற்கு முன் முடிவு சொல்லச் சொல்லி நெருக்கினால், அந்தத் தேதியை மரியாதையாக நினைவூட்டலாம். ஐரோப்பாவில் ஒன்றிரண்டு வாரமே தருவார்கள். இன்னொரு இடத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கூடுதல் நாள் கேட்கலாம். முடிவெடுத்ததும், வேண்டாம் என்ற இடத்துக்கு அன்றைக்கே எழுதிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு அந்த இடமும் அதோடு சேர்ந்த பணமும் போகும்.